முன்னால் பாடுகிறவளுக்குக் கேட்காது

ஜூன் 3, செவ்வாய்

முழங்கால் இன்று சாது. நடை முடித்து வீடு திரும்பியபோது என் மனைவி ஒரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்தது. 'இரண்டு ஊர், ஒரு பாட்டு' நிகழ்ச்சிக்கு இவளுடைய சேர்ந்திசைக் குழு தேர்வாகிவிட்டது. 22, ஞாயிறு, காலை பதினொரு மணி, நேரலை. இரண்டு ஊர்க் குழுக்கள் அவரவர் ஊரில் நின்றபடி ஒரே பாட்டை ஒன்றாகப் பாட வேண்டும்.

முப்பது பேரை எட்டு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள். குதிக்க வேண்டிய செய்தி. குதிக்கவில்லை.

"ரெண்டாவது பக்கத்தப் படிங்க."

படித்தேன். இன்னொரு ஊர் துறைமுக நகரம். அங்கே குழுத் தலைவி யார் என்றால், இவளுடைய அக்கா!

நடந்தது இதுதான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறார்கள். இரண்டு பேரும் கொடுத்த பாட்டு ஒன்றே. அவர்கள் அப்பா எழுதிய தூறல் பாட்டு. நிலையத்தார் அதை ஊருக்கெல்லாம் பொதுவான பழம்பாட்டு என்று நினைத்து, என்ன பொருத்தம் என்று மகிழ்ந்து, ஜோடி சேர்த்துவிட்டார்கள்.

"இஷ்டமில்லன்னா விலகிடலாமே" என்றேன்.

"விலகினா அப்பா பாட்டை அவளுக்கு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். வேணும்னா அவ விலகட்டும்."

இருநூற்றுப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பால் என் சகலையும் இதே நேரத்தில் இதே வசனத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பாவம் மனுஷன்.

ஜூன் 4, புதன்

எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் எனக்கே நியாயம் மறந்துவிடும்.

அந்தப் பாட்டுக்கு இரண்டு குரல். ஒரு பெண் மாடியில் துணி எடுக்க ஓடுகிறாள்: "தூறல் தம்பி, பொறுத்து வா, துணியை நானும் எடுக்கணும்." தூறல் பதில் சொல்கிறது: "பொறுத்துப் பொறுத்துத்தான் வந்தேன் நான், புழுதி எல்லாம் நனைக்கணும்." பிறகு இரண்டு குரலும் சேர்ந்து பல்லவி. சிறுவயதிலிருந்தே அக்காதான் அந்தப் பெண். இவள் தூறல்.

ஆறு வருடம் முன்பு, அவர்கள் அப்பா நினைவுக் கூட்டத்தில் இருவரும் அதைப் பாடினார்கள். அக்கா ஆறு கட்டையில் எடுத்தார். இவளுக்கு எட்டாத சுருதி. 'நனைக்கணும்' என்ற இடத்தில் இவள் குரல் இரண்டாகப் பிளந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வேண்டுமென்றே மேலே எடுத்தாள் என்பது இவள் கட்சி. அன்றோடு பேச்சு நின்றது. இவள் கூப்பிடட்டும் என்று அவர், அவர் கூப்பிடட்டும் என்று இவள்.

சகலைக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை. இருந்தாலும் மரியாதைக்காக நாங்களும் பேசாமல் இருக்கிறோம்.

ஜூன் 8, ஞாயிறு

ஒத்திகை நான் வேலை பார்த்த பள்ளியின் கூட்ட மண்டபத்தில். எந்த ஜன்னல் திறக்கும், எது திறக்காது என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் நானும் போனேன்.

நிலையத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயதுப் பெண், இடுப்பில் ஒட்டுநாடாச் சுருள்கள். பெரிய வண்டியும் மாடியில் குடைபோல ஆன்டெனாவும் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது இரண்டு சூட்கேஸ். படம், குரல் இரண்டுமே நெட்வொர்க்கில், நம் வீட்டு இன்டர்நெட் வருவதைப் போன்ற கம்பியில் போகுமாம்.

எதைக் கேட்டாலும் மில்லிசெகண்டில் பதில் சொல்கிறார். டீ எப்போது வேண்டும் என்று கேட்டதற்கு, "ஒரு மூணு லட்சம் மில்லிசெகண்ட் கழிச்சு, சார்" என்றார். மனத்துக்குள் 'மில்லி' என்று பெயர் வைத்துவிட்டேன். பட்டப்பெயர் வைப்பது பழைய தொழில், விடாது.

எப்படிப் போகிறது என்று கேட்டேன். குரலைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி அனுப்புகிறார்களாம். எனக்குப் புரிந்த விதம்: நீளமான ஒரு கடிதத்தை நூறு தபால் அட்டையில் எழுதி, எண் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டியில் போடுகிறோம். நாற்பதாவது அட்டை முப்பத்தொன்பதுக்கு முன்னால் போய்ச் சேரும். அதனால் வாங்குகிறவர் உடனே படிக்கத் தொடங்கக் கூடாது. கொஞ்சம் சேரவிட்டு, அடுக்கி, பிறகு படிக்க வேண்டும். பொறுமை இல்லாதவருக்கு நடுநடுவே வார்த்தை காணாமல் போகும். ரொம்பப் பொறுமைசாலிக்குச் செய்தி பழசாகிவிடும்.

"ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கணும்ங்கறதுதான் சார் என் மொத்த வேலையும்" என்றார் மில்லி.

ஜூன் 10, செவ்வாய்

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! ஓய்வு பெற்ற பிறகு முதல் நியமனம். பதவி: கைதட்டுபவர்.

குரல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று அளக்க, ஒரு சுருக்கமான, கூர்மையான சத்தம் வேண்டும். குழுவில் நான்கைந்து பேர் தட்டிப் பார்த்தார்கள், எல்லாம் சப்பாத்தி தட்டுவது போல. நான் ஒன்று தட்டினேன். முப்பது பேரும் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து நின்றார்கள். ஒருவர் உட்காரவே போய்விட்டார். முப்பத்து நான்கு வருடம் ஒன்பதாம் வகுப்பை அடக்கிய கை.

"சார், இதத்தான் தேடிட்டு இருந்தேன்" என்றார் மில்லி.

என் தட்டு இங்கிருந்து கிளம்பி, அங்கே ஸ்பீக்கரில் ஒலித்து, அங்குள்ள மைக்கில் விழுந்து, திரும்பி வந்தது. போகவர முந்நூற்று அறுபது மில்லிசெகண்ட். ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். படம் இன்னும் சோம்பேறி, ஒருவழிக்கே அறுநூறு.

பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் தட்ட வேண்டும். திரையில் வந்து நின்றது யார்? சகலை! அவருக்கும் அதே பதவி. தலை நரைத்துவிட்டது, தொப்பை அப்படியே இருக்கிறது. அவர் ஒன்று தட்டினார். நான் ஒன்று தட்டினேன். மில்லி போதும் என்ற பிறகும் இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்று கூடுதலாகத் தட்டினோம். ஆறு வருடத்தில் எங்கள் முதல் உரையாடல்.

ஜூன் 12, வியாழன்

முதல் கூட்டு ஒத்திகை. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. ஆனால் வீட்டில் சிரிக்க முடியாது.

இரண்டு மண்டபத்துக்கும் இரண்டு பக்கக் குரலும் கேட்கும்படி திறந்துவிட்டார்கள். பாட்டு ஒழுங்காகத்தான் தொடங்கியது. பல்லவி வந்ததும் கொஞ்சம் இழுத்தது. பிறகு இன்னும் இழுத்தது. நாலு நிமிஷப் பாட்டு, ஏழாவது நிமிஷத்திலும் துணி எடுத்து முடியவில்லை. கடைசியில் அறுபது பேரும் ஒரு சொல்லில் நின்று, பெட்ரோல் தீர்ந்த பஸ் மாதிரி... ஊஊஊ... நின்றே போனது.

இவள் மைக்கிலேயே சொன்னாள்: "யாரோ வேணும்னே இழுக்கறாங்க."

அரை நொடி கழித்து அந்தப் பக்கத்திலிருந்து அக்கா குரல்: "இழுக்கறவங்களுக்கு எல்லாரும் இழுக்கற மாதிரிதான் தெரியும்."

ஆறு வருடத்தில் அவர்களுடைய முதல் உரையாடல். எங்களுடையது மேல்.

ஜூன் 13, வெள்ளி

மில்லி கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். (சாக்பீஸ் பிடிக்கத் தெரியவில்லை. சொல்லவில்லை.) யாரும் இழுக்கவில்லை. எல்லோரும் மற்றவருக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பக்கத்துப் பக்கத்து வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் குரல் மற்றவனுக்குத் தாமதமாகக் கேட்கிறது. இவன் பின்தங்கிவிட்டான் போல என்று அவன் நிதானிக்கிறான். அவன் நிதானித்தது இவனுக்கு இன்னும் தாமதமாகக் கேட்கிறது, இவனும் நிதானிக்கிறான். ஈரெட்டுக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு பேர் மீதும் குற்றம் இல்லை. ரொம்ப நல்ல பிள்ளைகள் என்பதுதான் பிரச்சினை.

வழி ஒன்றுதான் என்றார். ஒரு பக்கம் முன்னால் பாட வேண்டும். மறுபக்கம் அதைக் கேட்டு, கூடவே பாட வேண்டும். முன்னால் பாடியதை மேசையில் அளந்து நிறுத்திவைத்து, பின்னால் வந்ததோடு சேர்த்து வெளியே அனுப்பினால், பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாக இருக்கும்.

"யார் முன்னால?" என்று இவள் கேட்டாள். திரையில் அக்காவும் அதையே கேட்டார், இவள் கேட்ட பிறகு.

ஜூன் 14, சனி

முன்னால் பாடுகிறவருக்குத்தான் அந்தப் பெண்ணின் பாகம். அவர் எடுப்பதுதான் சுருதி, ஏனென்றால் கீபோர்டு அவர் பக்கம்தான் இருக்கும். ஆகவே இரண்டு பேருக்கும் முன்னால் பாட வேண்டும்.

காசு சுண்டலாம் என்றேன். இங்கே மில்லி சுண்டினார். காசு விழுந்து, பூ என்று எல்லோரும் பார்த்தாகிவிட்டது, அப்புறம் அக்கா குரல் வருகிறது: "பூ!"

"விழுந்தப்புறம் சொல்றா! பாத்தீங்களா, விழுந்தப்புறம் சொல்றா!"

"மேடம், அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க, நமக்குத்தான் லேட்டா..."

"எனக்குத் தெரியும் அவள. சின்ன வயசுலயும் இப்படித்தான்."

அப்போதுதான் மில்லி ஒரு குண்டைப் போட்டார். முன்னால் பாடுகிறவர்களுக்கு மறுபக்கம் எதுவுமே கேட்காது. கேட்டால் மறுபடியும் இழுபடும். தூறல் பதில் சொல்கிற எட்டு எண்ணிக்கையும் வெறும் கீபோர்டோடு நிற்க வேண்டும். பல்லவியையும் தனியாகப் பாடுவதாகவே நினைத்துக்கொண்டு பாட வேண்டும்.

முன்னால் பாட இப்போது யாருக்கும் அவசரமில்லை.

அக்காதான் பேசினார். "அவளே முன்னால பாடட்டும். எனக்கு அவ குரல் கேட்டாப் போதும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவள்: "நான் எங்க தப்புப் பண்றேன்னு கேட்டுட்டே இருக்கணுமாம். எவ்வளவு கொழுப்பு!"

எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. ஆனால் நான் கைதட்டுபவர் மட்டுமே.

ஜூன் 17, செவ்வாய்

இன்று சிரிப்பு இல்லை.

ஒருவழி ஒத்திகை. நான் பக்கத்து அறையில் மில்லியின் மேசையில், காதில் பெரிய ஹெட்போன். இரண்டு பக்கமும் சேர்ந்து கேட்கிற இடம் அது ஒன்றுதான்.

இவள் ஆறு கட்டையில் எடுத்தாள். ஆறு வருடமாக, தினமும் குளியலறையில், வைராக்கியமாக ஆறு கட்டை பயிற்சி செய்தவள். சுருதி சுத்தமாக நின்றது. அந்த எட்டு எண்ணிக்கையில் கண்ணை மூடி விரலால் எண்ணினாள், தலைநிமிர்ந்து, கம்பீரமாக.

அந்த எட்டு எண்ணிக்கையில் என் காதில் அக்கா. அறுபத்தெட்டு வயது. குரல் இறங்கிவிட்டது. 'பொறுத்துப் பொறுத்து' வரை எப்படியோ ஏறினார். 'நனைக்கணும்' என்ற இடத்தில் காற்றுதான் வந்தது. அவர் குழுப் பெண்கள் மேலே ஏறி மூடிவிட்டார்கள். திரையில் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார், யார் முகத்தையும் பார்க்காமல்.

இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்று வந்து கேட்டாள்.

"உன் பக்கம் பிரமாதம்" என்றேன்.

முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

ஜூன் 18, புதன்

சொல்லலாமா? சொன்னால், 'அப்ப எனக்கும் அப்படித்தானே இருந்துச்சு' என்பாள். அதில் நியாயம் உண்டு. சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்க அக்கா குரல் உடையும். இவள் மனசில் அதுதான் ஓடுகிறதோ? சே, என்ன நினைப்பு இது, நாற்பத்தோரு வருடம் கூட வாழ்ந்துவிட்டு. ஆனால் ஆறு கட்டை ஏன்?

விடைத்தாளில் தப்பைச் சுழித்துக் காட்டுவேன், விடையை எழுதித் தரமாட்டேன். அதுதான் என் பழக்கம்.

ஜூன் 19, வியாழன்

சுழித்துக் காட்டிவிட்டேன்.

மில்லியிடம் செவ்வாய்க்கிழமைப் பதிவு இருந்தது. இவளை மேசைக்கு அழைத்து, ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு தடவ போடச் சொல்லுங்க."

மூன்று தடவை போடச் சொன்னாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, அடுக்களைத் துணியை மடிப்பது போல ஒழுங்காக வைத்தாள்.

வீட்டில், சாப்பாட்டுக்கு நடுவில்: "அப்பா கூட்டத்துல அவ முன்னால நின்னா. நான் பின்னால, இல்ல?"

"ஆமா."

"ஸ்பீக்கர் எந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஞாபகம் இல்லம்மா."

"ம்."

அதற்குமேல் கேட்கவில்லை. தட்டில் சோறு மிச்சம். அது இவள் வழக்கமில்லை.

ஜூன் 21, சனி

குளியலறையில் பாட்டு இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எந்தப் பாடநூலிலும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

பத்தே முக்காலுக்குக் கடைசியாக ஒருமுறை தட்டினேன். முந்நூற்று அறுபது. சகலை தட்டினார். எல்லாம் சரி. மில்லி ஏற்கெனவே ஒட்டிய நாடாவை மறுபடி ஒட்டினார். இரண்டு ஊர்ப் பாட்டை வண்டி இல்லாமல், இரண்டு சூட்கேஸை வைத்து அனுப்புவது அவருக்கும் இதுதான் முதல் முறையாம். அதை இன்றுதான் சொல்கிறார்!

பத்து ஐம்பத்தெட்டு. திரையில் இவள். கீபோர்டு வாசிப்பவர் இவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறார், ஆறுதானே என்று. இவள் கையைத் தூக்கினாள். நான்கு விரல் நேராக. ஐந்தாவது, பாதி மடிந்து.

"சார், அது என்ன சைகை?" என்றார் மில்லி.

"நாலரைக் கட்டை" என்றேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அறுநூறு மில்லிசெகண்ட் கழித்து அந்தக் கை துறைமுக நகரத்துத் திரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இரண்டாவது திரையில் அக்கா, அணையாத மைக்கை மறந்து, சகலை பக்கம் திரும்பினார். "நாலரையா? நாலரைன்னா காட்றா?"

பதினொன்று. நேரலை.

"தூறல் தம்பி, பொறுத்து வா..." தாழ்ந்த சுருதியில் இவள் குரல் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று நாற்பத்தோரு வருடத்தில் எனக்குத் தெரியாது. பிறகு எட்டு எண்ணிக்கை. இவள் கேட்காத எட்டு எண்ணிக்கையில் அக்கா பாடினார். 'நனைக்கணும்' முழுசாக வந்தது, அரிசி களைந்த தண்ணீர் போல மெதுவாக, வழவழவென்று. மேசையில் இரண்டும் சேர்ந்தன. எங்கே ஒட்டுப்போட்டது என்று சொல்ல முடியாது.

பாட்டு முடிந்து நிலையம் விளம்பரத்துக்குப் போனது. இங்கே முப்பது பேர் கைதட்டுகிறார்கள், இவள் மட்டும் திரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அக்காவின் வாய் அசைகிறது. இவளுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது.

"எனக்காக எறக்கிட்டா, பாருங்க. ஆறுல எடுப்பா, இன்னைக்கு நம்ம மானம் போச்சுன்னு நெனச்சேன்."

மில்லி என்னைப் பார்த்தார். "ரிட்டர்னைத் திறக்கவா, சார்? அவங்க குரல் மண்டபத்துல கேக்கும்."

ஒட்டுக்கேட்கிறவன் அனுமதி கொடுக்கலாமா? கொடுத்தேன். "திறம்மா."

"ஏய், கேக்குதா?" என்று அக்கா குரல் மண்டபத்தில் விழுந்தது.

"கேக்குது, நீ..."

"கேக்குதான்னு..."

"நீ சொல்லு."

"இல்ல, நீ சொல்லு."

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் மறுபடி ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். வாய்ப்பாட்டுப் பிள்ளைகள்! என்னால் பொறுக்க முடியவில்லை. மண்டபத்துக்குள் ஓடிப்போய் ஒரே ஒரு தட்டு தட்டினேன். இரண்டு ஊரும் அடங்கியது.

"பெரியவங்க முதல்ல" என்றேன்.

அக்கா சொன்னார்: "அன்னைக்கு உன் குரலே எனக்குக் கேக்கலடி. ஸ்பீக்கர் அத்தனையும் கூட்டத்தப் பாத்து இருந்துச்சு. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு, எதுக்குன்னு தெரியல. கேட்டா நீ பேசல. இன்னைக்குத்தான் முழுசாக் கேட்டேன்."

இவள் திரைக்கு இரண்டடி கிட்டப் போனாள்.

"எனக்கு இன்னைக்கு உன் குரல் கேக்கல அக்கா. அந்த ரெண்டு வரிய ஒரு தடவ பாடேன்."

அக்கா பாடினார், வாத்தியம் இல்லாமல். இவள் கேட்டாள், விரலால் எண்ணாமல்.

முடிந்ததும் திரையின் ஓரத்திலிருந்து சகலை: "சகலை, இனி நாமளும் பேசலாமா?"

ஜூன் 23, திங்கள்

காலை எட்டரையிலிருந்து பத்தேகால் வரை தொலைபேசி இவள் காதில். டீ நானே போட்டேன். சர்க்கரை எங்கே என்று கேட்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

அக்காவும் சகலையும் பஸ்ஸில் வந்திறங்கினார்கள். அக்கா என்னை, "என்ன தம்பி, கைதட்டுற உத்தியோகம் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நிரந்தரமாக்கவில்லை என்றேன்.

சமையலறையில் இருவரும். ஒருத்தி வெங்காயம், ஒருத்தி அடுப்பு. ஒரே அறை, நடுவில் கம்பி இல்லை, தாமதம் இல்லை, ஒருவரும் மற்றவருக்காகக் காத்திருக்கவும் இல்லை. இரண்டு பேரும் சேர்ந்தே பேசுகிறார்கள், சேர்ந்தே கேட்கிறார்கள், எப்படியோ இரண்டு பேருக்கும் எல்லாம் புரிகிறது. நடுவில் தூறல் பாட்டும் ஓடியது. நாலரையில்.

மணி இரண்டாகிவிட்டது. சகலை தன் வயிற்றைத் தடவி என்னைப் பார்த்தார். நான் எழுந்து சமையலறை வாசலில் நின்று, முப்பத்து நான்கு வருட அனுபவத்தையும் சேர்த்து, ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

இரண்டு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.